சாக மாட்டேன் என்ற ஈரல் செல்கள்

"ஏன்டா சாக மாட்டேங்கிறீங்க?" என்று நுண்ணோக்கிக்குள் குனிந்து கத்தினார் ஈரல் சார்.

கல்லீரல் செல்களை வளர்ப்பது, கொல்வது, பிழைக்க வைப்பது. இதுவே பிழைப்பாகிவிட்டதால் ஆய்வகத்தில் அவருக்கு அந்தப் பெயர். மேஜையில் மூன்று தட்டுகள். முதல் தட்டில் வெறும் செல்கள். இரண்டாவதில் செல்லோடு காட்மியம் உப்பு. மூன்றாவதில் காட்மியத்தோடு சார் கண்டுபிடித்த மருந்து. காட்மியம் உள்ளே புகுந்தால் போதும், செல்லுக்குள் இருக்கும் ஆக்ஸிஜனுக்கு வெறி பிடித்துவிடும். இருக்கிற வீட்டையே அரிக்கும். அரிபட்ட செல், அதில் ஏற்றிய சாயத்தால் பச்சையாக ஒளிரும். இரண்டாவது தட்டு ஒளிர்ந்து, மூன்றாவது ஒளிராமல் இருந்தால் மருந்துக்கு வெற்றி. இன்றைக்கு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் குழு வந்து அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

இரண்டாவது தட்டு ஒளிரவே இல்லை.

"நர்ஸம்மா, இன்னும் கொஞ்சம் காட்மியம் கொடுங்க."

வார்டிலிருந்து இந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த நர்ஸம்மா, மனசில்லாமல் புட்டியை நீட்டினார். "இன்னுமா சார்? பாவம் சார்."

"பாவம் பார்த்தா நாம மூட்டை கட்ட வேண்டியதுதான்!"

ஊற்றினார். செல்கள் அசரவில்லை. உப்பு பழசாக இருக்கும் என்று புதுப் புட்டியைத் திறந்து இன்னும் ஊற்றினார். அவை சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சொகுசாகச் சாய்ந்து கிடந்தன. சரி, விளக்கில்தான் கோளாறு என்று அதைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இப்போது பளிச்சென்று தெரிந்தது, எங்கேயும் பச்சை இல்லை என்பது.

அதற்குள் குழு வந்துவிட்டது.

"வாங்க, வாங்க! என் மருந்து மேல எனக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது" என்றார் சார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

குழுத் தலைவி இரண்டாவது தட்டையும் மூன்றாவது தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மருந்து போட்டதும் நல்லா இருக்கு, போடாததும் நல்லா இருக்கு. அப்புறம் மருந்து எதுக்கு?"

"மேடம், காட்மியம் விஷம்! சத்தியமா விஷம்!"

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"வழக்கமா ஊத்துறதைவிட நாலு மடங்கு."

"நாலு மடங்கு ஊத்தியும் ஒண்ணும் ஆகலையா? காபியிலயே கலந்து குடிக்கலாம் போலிருக்கே! மன்னிக்கணும் சார், அறையைக் காலி பண்ணிடுங்க."

ஈரல் சாருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து நர்ஸம்மா கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், சார் மேல தப்பில்லை. விஷம் ஊத்தினதுல ரெண்டாவது தட்டுக்கு மட்டும் யாருமே மருந்து கொடுக்காம விட்டிருந்தாங்க. எனக்கு மனசு கேக்கலை, காலையில வந்ததுமே சாரோட மருந்தை அதுக்கும் ஒரு வேளை கொடுத்துட்டேன்!"