ஹெல்மெட்டுக்கு வந்த மஞ்சள்காமாலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்னத்துகாலில் ஆட்டோ கிடைக்காது. எல்லாம் நாட்டு வைத்தியர் பொன்னப்பன் ஆசான் வீட்டு முற்றத்தில் நிற்கும். ஆசான் மஞ்சள்காமாலையைக் கழுவியே இறக்குபவர். ரத்தம் எடுக்க மாட்டார். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். நாமும் கேட்கக் கூடாது. உப்பில்லாக் கஞ்சிக்கு அடுத்த பத்தியம் அதுதான்.

அன்று முதல் ஆள் வேலாயுதன். தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலையில் ஒரு வாரம் ஓடை தூர்வாரியவர். ஐந்து நாளாகக் காய்ச்சல், கண் மஞ்சள். மனைவி சரசம்மா அவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

ஆசான் அவர் கைகளில் ஏதோ மருந்து தடவினார். உதட்டை அசைத்தார். மூக்கு வைத்த கிண்டிச் செம்பிலிருந்து 'தீர்த்தம்' ஊற்றினார். தட்டில் பளீரென்று மஞ்சள்! கூட்டம் கும்பிட்டது. இரண்டாம் கழுவலில் நிறம் வெளுத்தது. மூன்றாவதில் வெறும் தண்ணீர்.

"கண்டியா சரசம்மா? காமாலைச் சூக்கேடு எறங்கிட்டு. இனி ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்ப ஏறிரும்" என்றார் ஆசான்.

காய்ச்சல் கணக்கெடுக்க வந்த ஹெல்த் நர்ஸ் டெல்னா வேலாயுதனின் அருகே குந்தினாள்.

"அண்ணா, கெண்டைக்கால் வலி உண்டா?"

"தொட்டா உயிரு போவுது மக்கா."

"மூத்திரம் போவுதா?"

"நேத்தையில இருந்து ரொம்பக் கொறவு."

டெல்னா எழுந்தாள். "அக்கா, மஞ்சக் கண்ணு ஒரு அடையாளம் மட்டும்தான். பித்தப்பையில கல்லு இருந்தாலும் வரும், எலி மூத்திரம் கலந்த தண்ணியில நின்னாலும் வரும். கேட்டுப் பாத்தாத்தானே எதுன்னு தெரியும்? இது எலிப்பனி, எலிக் காய்ச்சல் போல இருக்கு. இப்பவே பாறசாலை ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"அதான் எறங்கிட்டே மோளே! கண்ணால கண்டதாக்கும்" என்றாள் சரசம்மா.

டெல்னா தன் ஹெல்மெட்டை நீட்டினாள். "ஆசானே, இதுக்கும் ரெண்டு நாளா ஒரே சோர்வு. ஒண்ணு கழுவித் தாருங்க."

"எட்டீ, களியாக்குதியா?"

கேலி செய்கிறாள் என்று ஆசான் மறுத்தார். அவளே மருந்தைத் தடவி, தீர்த்தத்தை ஊற்றினாள். பளீரென்று மஞ்சள்!

"அய்யோ, முத்திப் போச்சே!" என்றான் ஆட்டோக்கார அஜேஷ்.

இரண்டாம் கழுவலில் வெளுத்தது. மூன்றாவதில் ஹெல்மெட் பூரண குணம்.

விஷயம் எளிது. மருந்து மாம்பட்டைச் சாறு; தீர்த்தம் சுண்ணாம்புத் தெளிவு. இரண்டும் கலந்தால் மஞ்சள். கழுவக் கழுவச் சாறு தீரும், நிறம் வெளுக்கும். இறங்குவது சாறு. வியாதி இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரசம்மா தட்டைப் பார்த்தாள். கணவரின் கண்களைப் பார்த்தாள். "அஜேஷே, வண்டிய எடு. பாறசாலைக்கு."

அங்கே டாக்டரும் முதலில் கேட்டது கெண்டைக்காலைப் பற்றித்தான். பிறகு ரத்தம் எடுத்தார், மருந்தை ஏற்றினார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும்" என்றார். பத்தாம் நாள் வேலாயுதன் வீட்டுக்கு வந்து, உப்புப் போட்ட கஞ்சி கேட்டார்.

அடுத்த ஞாயிறும் ஆசான் முற்றத்தில் மூன்று ஆட்டோக்கள் நின்றன. ஹெல்மெட்டுக்குள் இருக்க வேண்டியதைச் சிலர் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். செருப்பைக் கழற்றுங்கள், சரி. மற்றதைத் தலைக்குள் வைத்துக்கொண்டே போங்கள்.