மூன்றாவது புள்ளி

சுத்தமான சுவரைக் கண்டு பயந்த மனுசன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. உசிலம்பட்டியிலிருந்து ஒரு கொத்தனார் கரண்டியோடு வந்து பழங்காநத்தத்தில் பாதித் தெருவைக் கட்டியவன். தெருவுக்குப் பெரும்புள்ளி நான்தான். அதனால் அவனுக்குச் சின்னப்புள்ளி என்று பெயர் விழுந்தது. அவன் பார்த்த வேலையும் புள்ளி வேலைதான். ஓர் இடத்தை நூறு கோணத்தில் செல்போனில் படம் எடுப்பான். கம்ப்யூட்டர் அவற்றை ஒப்பிட்டு, அந்த இடத்தைப் புள்ளி புள்ளியாக அந்தரத்தில் மிதக்க விடும். அந்தப் புள்ளிக் கூட்டத்தில் இது தரை, இது சுவர் என்று தட்டையான பரப்புகளைத் தேடிப் பிடிப்பான். தூக்குக்குண்டு இல்லாமல் சுவர் எழுப்புகிற ஆளை அவனுக்கு முன் நான் பார்த்ததில்லை.

சிம்மக்கல்லில் ஒரு தெருவைப் படம் எடுக்கப் போனான். நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து, அடிக்கு ஒரு படம். ஆக்கிரமிப்பு எடுக்க அளக்கிறான் என்று நினைத்து, கடைக்காரர்கள் மூட்டைகளை உள்ளே இழுத்தார்கள், தார்ப்பாயைச் சுருட்டினார்கள். எதுவும் அசையாமல் இருந்தால்தான் படம் சேருமாம். திரும்பி வந்து, “தெருவே நகருதுண்ணே” என்றான், அழாத குறையாக.

அந்தச் சமயத்தில்தான் சாலையை அகலப்படுத்த எங்கள் முன்கூடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. எனக்கென்று நான் கட்டிய முதல் கூடம். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

“இடிக்கட்டும்ணே. அதுக்கு முன்னாடி நான் எடுத்து வச்சிர்றேன். எப்ப வேணும்னாலும் உள்ள போயி நடக்கலாம்” என்றான்.

போட்டோவுக்குப் புதுச்சட்டை போடாமல் நிற்பார்களா? நாலு ஆள் வைத்து, பட்டி தேய்த்து, நீளச் சுவருக்கு வெள்ளையடித்தேன். ஈ உட்கார்ந்தால் வழுக்கும். இறங்கி வந்தவன் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

இருந்தாலும் எடுத்தான். மறுநாள் மத்தியானம் திரையில் காட்டினான். இருட்டுக்குள் எங்கள் கூடம், வெயில் கீற்றில் பறக்கிற தூசி போல மிதந்தது. தரை மினுமினுத்தது. ஜன்னல் எதையும் பிடிக்காமல் நின்றது. மூச்சு விட்டால் கலைந்துவிடும் போலிருந்தது. சுவரை மட்டும் காணோம்.

“வெறும் வெள்ளையில அதுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. கறை, கீறல், ஏதாச்சும் வேணும்.”

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு புள்ளித் திட்டு தொங்கியது. வெள்ளை காய்ந்ததும் காயாததுமாக என் வீட்டுக்காரி தலை சாய்த்த எண்ணெய்க் கறை. இப்படிச் சாய்ந்து கறை வைப்பதற்காக நான் காலமெல்லாம் அவளைத் திட்டியிருக்கிறேன்.

“சாய்ஞ்சவ நிக்கிறேன். கட்டுன ஆளைக் காணோமே” என்றாள்.

ஒன்று போதாதாம். ஒரே வரிசையில் இல்லாத மூன்று இடம் வேண்டும், மூன்று இருந்தால் சுவரைப் பிடித்துவிடலாம் என்றான். பேப்பர் ஒட்டலாமா என்று கேட்டான். என் சுவரிலா? அவள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். என் வழுக்கையில் பூசி, இடது ஓரம் சுவரில் தலை சாய்த்து நிற்கவைத்தாள். அடுத்து அவன். தேங்காய் நார் போல வறண்ட தலை.

“வேணாம் மதினி, சளி பிடிக்கும்.”

“சுவரு வேணுமா, வேணாமா?”

தேய்க்கத் தேய்க்கக் கண்ணை மூடிக்கொண்டான். “தலையில ஒருத்தர் கைவச்சு ரொம்ப நாளாச்சு மதினி” என்றான். அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

அவன் ஸ்டூலில் ஏறி வலது ஓரம் சாய்ந்தான். நடுவில் அவள் தரையில் உட்கார்ந்து, தன் கறையிலேயே மறுபடி சாய்ந்தாள். எண்ணெய் ஊறும்வரை மூன்று பேரும் அசையவில்லை. ஃபேன் சுற்றியது. தெருவில் பால்காரர் வண்டியின் மணி வந்து போனது. என் வாழ்நாளில் ஒரு வேலையும் செய்யாமல் நான் சுவரோடு இருந்த மத்தியானம் அது ஒன்றுதான்.

அவன் மறுபடி படம் எடுத்தான். சாயங்காலத்துக்குள் திரையில் சுவர் எழுந்துவிட்டது. ஒரு நூல் சாயவில்லை. நான் கட்டியதாயிற்றே.

இப்போது கூடம் இருந்த இடத்தில் டவுன் பஸ் ஓடுகிறது. அவனும் வேலையாக வேறு ஊர் போய்விட்டான். மத்தியானங்களில் அவன் கொடுத்துவிட்டுப் போன கூடத்துக்குள் நாங்கள் நடக்கிறோம். அவள் தன் கறையைக் காட்டிச் சிரிப்பாள். நான் படத்தை வலது ஓரத்துக்குத் திருப்பி, உயரத்தில் இருக்கும் மூன்றாவது கறையைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன்.

அன்றைக்கு அவனுக்குச் சளி பிடித்ததா என்று நான் கேட்கவே இல்லை.