முத்திரை உடையாத கயிறு

நெடுஞ்சாலையில் சுமை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும் நல்ல கயிறு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று சுமைப் பாதுகாப்பு அலுவலகம் ஆணையிட்டபோது யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க என்ன இருக்கிறது? லாரிகளிலிருந்து மெத்தையும் மூட்டையும் இரும்புக் குழாயும் பின்னால் வருகிறவர்கள் மேல் விழுந்துகொண்டிருந்த காலம் அது.

நல்ல கயிறு வந்தால் போலிக் கயிறும் வரும். அதைத் தடுக்க, அங்கீகரித்த கயிற்றை பாக்கெட்டில் அடைத்துச் சிவப்பு முத்திரை வைத்து விற்றார்கள். முத்திரை உடைந்திருந்தால் உள்ளே இருப்பது அசல்தானா என்று எப்படி நம்புவது? ஆகவே உடைந்த முத்திரைக்கு அபராதம் என்று அடுத்த ஆணை வந்தது. லாரி ஓட்டுகிறவர்கள் விவரமானவர்கள். அன்றிலிருந்து ஒருவரும் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. கயிறு முன்கண்ணாடிக்குப் பின்னால் சொகுசாகப் பயணம் செய்தது. சுமை தன்பாட்டுக்கு மேலே ஆடிக்கொண்டு போயிற்று.

போகப்போக அது நாகரிகமாகவும் ஆகிவிட்டது. சுமையே ஏற்றாத கார்க்காரர்களும் பாக்கெட்டைத் தொங்கவிட்டார்கள். வசதியானவர்கள் தங்க நிற முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கினார்கள்.

இந்தக் கயிற்றை அலுவலகத்துக்கு சப்ளை செய்தவர் நம் கணக்கு வாத்தியாரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அந்த வருமானத்தில் அவர் வாங்கிய வெள்ளி நிறக் காரைக் குழந்தை சோப்புப் போட்டுத்தான் குளிப்பாட்டுவார். வெளிநாடு கிளம்பும்போது தங்கை கெஞ்சினாளே என்று சாவியைக் கொடுத்து, "ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நம்ம உறவு அதோட முடிஞ்சுது" என்றும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிற மனுஷன். ஒரு குடையைத் திருப்பித் தராத சித்தப்பாவோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

அவர் திரும்பி வருவதற்கு முந்தின நாள், வாத்தியாரும் மனைவியும் ஆசையாக நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் வீட்டுச் சாமான் ஏற்றிய லாரி. அதிலிருந்து ஒரு மர நாற்காலி எழுந்தது, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டது, கார் பானட்டை நசுக்கியது, முன்கண்ணாடியில் ஒரு ஓரத்தைச் சிதறடித்தது, கடைசியில் கூரைமேல் இருந்த கம்பிகளுக்கிடையே நாலு காலையும் ஊன்றி உட்கார்ந்துவிட்டது.

லாரிக்காரர் நல்லவர். நிறுத்தி, இறங்கி, பாக்கெட்டோடு ஓடி வந்தார்.

"பாருங்க சார், சீல் அப்படியே இருக்கு!"

"அப்ப நாற்காலி எப்படிப்பா விழுந்துச்சு?"

"எனக்கும் அதான் சார் ஒண்ணும் புரியல."

"சரி, உன் நாற்காலியையாவது எடுத்துட்டுப் போ."

"ஐயோ சார், எடுத்தா விழுந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீங்களே வச்சுக்குங்க, நல்ல தேக்கு" என்று கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"அண்ணன் மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?" என்று மனைவி அழ ஆரம்பித்தாள். பழுதுபார்க்கும் பணத்தையாவது வாங்கிவிடலாம் என்று வாத்தியார் காரை நேரே அலுவலகத்துக்கு விட்டார்.

அங்கே, 'சுமை விழாச் சாலை, சுமுகப் பயணம்' என்று எழுதிய பலகையின் கீழே அதிகாரி உட்கார்ந்திருந்தார். மிகவும் அன்பானவர். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"விழுந்தது கட்டின சுமையா, கட்டாத சுமையா?"

"கட்டாததுதான் சார்."

"லாரில கயிறு இருந்துச்சா?"

"பாக்கெட்ல இருந்துச்சு. சீல்கூட உடையல."

"அப்ப சட்டப்படி அது கட்டின சுமை. கட்டின சுமை விழாது. விழாத சுமைக்கு நான் எப்படிங்க இழப்பீடு எழுதறது?"

வாத்தியார் யோசித்தார். "ஒருவேளை சீல் உடைஞ்சிருந்தா?"

"உடைஞ்சிருந்தா, கயிறைப் பிரிச்சு நெசமாவே கட்டியிருக்காங்கன்னு அர்த்தம். கட்டினப்புறம் எப்படி விழும்?"

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். முத்திரை உடைந்திருக்க வேண்டும், அல்லது உடையாமல் இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இரண்டிலும் நாற்காலி விழவில்லை. இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு இவ்வளவு சுத்தமான நிரூபணத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் தலை ஆடியது.

"தலைய ஆட்டாதீங்க!" என்றாள் மனைவி. "ஏன் சார், விழாத நாற்காலி எங்க கார் மேல எப்படி வந்துச்சு? நீங்களே எட்டிப் பாருங்க!"

அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது, படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா? கார் மேல நாற்காலி ஏத்தியிருக்கீங்களே, கயிறு எங்க?"

காரில் தேடினார்கள். ஊருக்கெல்லாம் கயிறு கொடுத்தவர் தன் காரில் ஒன்று வைத்திருக்கவில்லை. கட்டாத சுமைக்கு அபராதம் கட்டி, புதுப் பாக்கெட் ஒன்றும் வாங்கியாயிற்று. விசாரணை முடியும்வரை நாற்காலியை இருக்கும் நிலையிலிருந்து அசைக்கக் கூடாது என்று அதிகாரி வாசல்வரை வந்து சொல்லி வழியனுப்பினார்.

"அவர் சொல்றதுல தப்பே இல்லம்மா" என்றார் வாத்தியார், முன்கண்ணாடியின் உடையாத பகுதி வழியாகக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டே.

"வாய மூடிக்கிட்டு ஓட்டுங்க."

கொஞ்ச தூரம் போனதும் தலைக்கு மேலே கடகடவென்று சத்தம் கேட்டது. மனைவி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த காரில் முன்சீட்டில் ஒரு கர்ப்பிணி. நாற்காலி மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு வயிற்றைக் கையால் மூடியிருந்தாள்.

"நிறுத்துங்க. நாற்காலியக் கட்டணும்."

"பாக்கெட்டப் பிரிச்சா மறுபடியும் அபராதம்."

"எவனோ போட்ட அபராதத்துக்காக அந்தப் பொண்ணு மண்டைய உடைக்கணுமா?"

ஓரமாக நிறுத்தியதும் பாக்கெட்டைப் பிடுங்கிப் பல்லால் கிழித்தாள். வெளியே தெரிகிற இடத்தில் ஒரு முழம் கயிறு இருந்தது. அதற்குப் பின்னால் முழுக்க வைக்கோல்.

இருவரும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அண்ணன்தான்.

"நாளைக்கு வந்துடுவேன். கார் எப்படி இருக்கு?"

"கார் கிடக்கட்டும் அண்ணா. கயிறு பாக்கெட்டப் பிரிச்சுட்டோம்."

அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"மாப்பிள்ளைகிட்ட குடு… மாப்பிள்ளை, ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன், உங்களுக்குன்னு நான் எதுவுமே செய்யலியேன்னு. அந்தக் கார நீங்களே வச்சுக்குங்க."

"மச்சான், அது வந்து, பானட் கொஞ்சம்…"

"அதையும் நானே சரி பண்ணித் தர்றேன். பாக்கெட்ட மட்டும் பத்திரமா மூடி வைங்க."

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் காரைப் பார்த்தாள். சீட்டைத் தடவினாள். "உள்ள எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் மெதுவாக.

வகுப்பில் பறிமுதல் செய்த சூயிங்கம் பையில் இருந்தது. அதை மென்றதற்காக எத்தனையோ பிள்ளைகளை வெளியே நிறுத்தியவர் இப்போது தானே மென்று முத்திரையை ஒட்டினார். பழசைவிட அழகாக அமைந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நாற்காலியைக் கம்பியோடு இறுக்கிக் கட்டி, ஒரு கையால் பேண்டைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்தார்.

சோதனைச் சாவடியில் பாக்கெட்டைப் பார்த்ததும் காவலர் விறைப்பாக சல்யூட் அடித்தார். பிறகு மேலே பார்த்தார். புருவம் சுருங்கியது.

"கயிறு வச்சிருக்கீங்க, அப்புறம் எதுக்கு சார் கட்டியிருக்கீங்க? நம்ம கயிறு மேல நம்பிக்கை இல்லையா?"

வாத்தியார் அவசரமாக இறங்கிப் பெல்ட்டை அவிழ்த்து இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"இருக்கு சார். முழு நம்பிக்கை இருக்கு."

சாவடியைத் தாண்டியதும் நாற்காலி மறுபடி ஆட ஆரம்பித்தது. பின்னால் வந்தவர் விடாமல் ஹாரன் அடித்தார். வாத்தியார் கையை வெளியே நீட்டிப் பாக்கெட்டை உயர்த்திக் காட்டினார். ஹாரன் நின்றது. பின்னால் வந்தவரும் நிம்மதியாகத் தன் பாக்கெட்டை உயர்த்திக் காட்டிவிட்டு, காரை இன்னும் நெருக்கமாக ஓட்டி வந்தார்.