'ஸ்கூட்' என்றொரு சமூக நாடகம்

இனிமேல் சீட்டைத் தொடுவதில்லை என்று சாலமோன் பாதிரியார் முன்னால் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான். வைத்தது இடது கை. ஆகவே வலது கையை அது கட்டுப்படுத்தாது என்பது அவன் கட்சி.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் அவன் ஃபிட்டர். ஷிப்டு முடிந்ததும் மன்றத்துக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டாளிகள் மணவாளன், லோகநாதனோடு ரம்மி. வாரத்துக்கு ஒருமுறையாவது பதின்மூன்று சீட்டையும் சேர்த்து விரித்து 'டிக்' அடித்து ஜெயிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சீட்டுக்கட்டு போய்வருவது டிபன் கேரியரின் அடித்தட்டில். தன் மூளையை நினைத்து அவனுக்கே சில சமயம் பயமாக இருக்கும்.

ஒருநாள் கட்டை எடுத்து ஒளித்துவைக்க மறந்துவிட்டான். கேரியர் கழுவப்போன மனைவி விக்டோரியா தட்டோடு திரும்பி வந்தாள்.

"இன்னாங்க இது? ரசம் ஊத்தி அனுப்பினேன், ராணி வந்துகீறா?"

"அது... நாடகத்துக்கு!"

"எந்த நாடகம்?"

"மில்லு ஆண்டு விழாவுக்கு நாங்க போடறோம். சீட்டாடிக் கெட்டவன் கதை. தெனம் ஒத்திகை."

"பேரு?"

அவசரத்தில் வாயில் வந்தது ஒன்றுதான். "ஸ்கூட்."

"அப்டின்னா?"

"கை மோசமா வந்தா ஆடாம, சீட்டக் கவுத்து வச்சிட்டு வெளிய வந்துடறது. கெட்ட பழக்கத்துலேந்து மனுசன் அப்டி வெளிய வரணும்னு கருத்து."

"எம்மாம் நல்ல கருத்து!" என்று உருகிப்போன விக்டோரியா சீட்டை எண்ணினாள். "அம்பத்திரண்டு கீது. ஜோக்கரு எங்க?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வேறொரு புருஷனாக இருந்தால் அந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருப்பான். சாலமோன் அந்த ரகமில்லை.

ஒரு வாரம் ராஜபோகம். 'ஒத்திகை'க்கு வீட்டிலிருந்தே சுண்டல் போயிற்று. எட்டாம் நாள் சுண்டலோடு விக்டோரியாவும் வந்து, ரோஸ் நிற நோட்டீஸ் ஒன்றை நீட்டினாள். 'ஸ்கூட். சீர்திருத்த சமூக நாடகம். கதாநாயகன்: சாலமோன்.'

"மேனேஜரு சம்சாரத்தாண்ட சொல்லி நானே பேரு குடுத்துட்டேன்" என்றாள் பெருமையாக.

மணவாளன் சாலமோன் காதைக் கடித்தான். "இன்னா நைனா பேஜாரு இது? கதையே இல்லியே!"

"கதை, வசனம்லாம் எழுதியாச்சு" என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தாள் விக்டோரியா. "லோகநாதண்ணே, நீங்கதான் கதாநாயகி. மீசைய எடுத்துடுங்க."

சீட்டுக்கட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். பதிலுக்கு, காலண்டர் அட்டையில் வெட்டிய சீட்டுகளைத் தந்தாள். முதுகில் அழகாகப் பூப்போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை.

"இதுல ஒண்ணுமே இல்லியே!" என்றான் சாலமோன் பரிதாபமாக.

"ஜனங்களுக்கு முதுகுதானே தெரியப்போவுது?"

மூன்று வாரம் அந்த மொட்டைச் சீட்டை வைத்துக்கொண்டு மூவரும் வசனம் உருப்போட்டார்கள். மேற்பார்வைக்கு விக்டோரியா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மீசையில்லாத லோகநாதன் சாலமோனோடு முகங்கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

விழாவன்று மில்லே திரண்டு வந்தது. முதல் வரிசையில் பாதிரியார். கடைசிக் காட்சியில் கதாநாயகன் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து இனிச் சீட்டைத் தொடேன் என்று சத்தியம் செய்யவேண்டும். 'இரண்டு கையும்' என்று நோட்டில் சிவப்பு மசியில் அடிக்கோடு போட்டிருந்தது. சாலமோன் செய்தான். கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பு என்றால் இதுவல்லவா நடிப்பு என்று கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பாதிரியார் மேடையேறி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

சத்தியத்துக்கு மிச்சம் கை இல்லை. ஆனாலும் சீட்டுக்கட்டைக் கண்ணாலாவது பார்க்கலாம், பார்ப்பது தொடுவதாகாது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் விக்டோரியா, பக்கத்து வீட்டு கிரேஸ், எதிர்வீட்டு சந்திரகலா மூவரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவனுடைய அருமைச் சீட்டுக்கட்டு. கையிலே ஆளுக்குப் பதின்மூன்று.

"இன்னாடி பண்றீங்க?" என்று அலறினான்.

"ஒத்திகைங்க" என்றாள் விக்டோரியா, தலை நிமிராமலே. "அடுத்த வருசம் மாதர் சங்கத்து நாடகம். அந்தச் சுண்டலக் கொஞ்சம் இப்டித் தள்ளுங்க."

தள்ளினான். "பேரு?"

விக்டோரியா ஜோக்கரை வாகாகச் செருகி, பதின்மூன்றையும் தரையில் விரித்தாள்.

"டிக்."