காலையிலேயே தொங்கிய செல்வி

எனக்குக் கணக்கு வராது என்பது எங்கள் உறவில் எல்லாருக்கும் தெரியும். கணக்கு வராத ஒருத்தி புள்ளிவிவர ஆராய்ச்சி செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்பது உத்திரமேரூர் பக்கம், மானாம்பதியைத் தாண்டி இருக்கும் ஒரு கிராமத்துக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், வெளியே சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சென்னையில் ஊட்டச்சத்து எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பட்டம் வாங்கி, வேலையில் சேர்ந்து, அப்புறம்தான் கல்யாணம் என்பது என் கனவு. அப்பா கெடு வைத்திருந்தார். "ஆடிக்குள்ள படிப்பை முடிச்சா வேலைக்குப் போ. முடிக்கலைன்னா ஆவணியில முகூர்த்தம்." ஆக, என் தலையெழுத்து முழுக்க ஓர் ஆய்வேட்டை நம்பி இருந்தது.

ஆய்வு, கேட்பதற்கு எளிது. ஒரே கிராமம், இரண்டு தெரு. இரண்டிலும் சின்னப் பிள்ளைகளை எடை பார்க்க வேண்டும். ஒரு தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை. இன்னொரு தெருவுக்கு ஒன்றும் கிடையாது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடை பார்த்து, உருண்டை வேலை செய்ததா என்று ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். (எனக்கே புரிந்துவிட்டது என்றால் பாருங்கள்.)

"எந்தத் தெருவுக்கு உருண்டைன்னு நீ முடிவு பண்ணக்கூடாது, சீட்டுக் குலுக்கி எடு. பிள்ளைங்க பேரையும் பார்க்காதே, நம்பர் போதும். பேர் தெரிஞ்சா பாசம் வந்துடும்" என்றார் எங்கள் பேராசிரியை.

சீட்டு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உத்திரமேரூர் ஆயிற்றே! ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த ஊர். கல்வெட்டிலேயே இருக்கிறது. நானும் மண்குடம் ஒன்று வாங்கி, ஊரைக் கூட்டி, கல்வெட்டைப் பற்றி நீளமாகப் பேசி, குடத்தில் இரண்டே இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினேன். (இரண்டு சீட்டுக்கு ஒரு டம்ளர் போதும் என்று யாரும் சொல்லவில்லை.) மேலத்தெரு வந்தது.

கீழத்தெருப் பச்சையம்மா இடுப்பில் பிள்ளையோடு முன்னால் வந்தாள்.

"ஏம்மா, எங்க தெரு புள்ளைங்க இன்னா பாவம் பண்ணிச்சி?"

"பாவமெல்லாம் இல்லம்மா. சீட்டுல வரலை."

"சீட்டுல வரலன்னா பசிக்காதா?"

புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. நான் குனிந்து குடத்துக்குள் பார்த்தேன். அங்கே கீழத்தெருச் சீட்டுதான் கிடந்தது.

மூன்று மாதம் ஓடியது. பால்வாடி சரோஜா டீச்சர் தினமும் மேலத்தெருவுக்கு உருண்டை கொடுத்தார். நான் அவ்வப்போது பஸ்ஸில் வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்த அலுப்பில் டீச்சர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாசம் வைத்துவிடக் கூடாதே என்று ரொம்பக் கவனமாக இருந்தேன்.

கடைசி எடை நாளன்று பேராசிரியையே வந்தார். பால்வாடி வாசல் புங்கமரக் கிளையில் கொக்கித் தராசை மாட்டினோம். துணியில் ஜட்டி மாதிரி தைத்த பையில் பிள்ளையை இறக்கி, கொக்கியில் தொங்கவிட வேண்டும், முள் எடையைக் காட்டும். காலையில் மேலத்தெரு, சாப்பாட்டுக்குப் பிறகு கீழத்தெரு என்று ஏற்பாடு.

மேலத்தெருப் பிள்ளைகள் வரிசையாகத் தொங்கினார்கள். முள் ஏறவே இல்லை. மூன்று மாதம் உருண்டை தின்ற பிள்ளைகள் எல்லாம் முன்பிருந்ததைவிட இளைத்திருந்தார்கள். தராசு கெட்டுவிட்டதோ என்று சந்தேகம். எடை தெரிந்த அரிசிப் பையை மாட்டிப் பார்த்தேன், அரிசி சரியாகத்தான் இருந்தது.

"வேர்க்கடலை தின்னா இளைக்கும்னு கண்டுபிடிச்சிருக்கே" என்றார் பேராசிரியை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. பாராட்டா, திட்டா என்று விளங்கவில்லை. மத்தியானம் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது கண் முன்னால் ஆவணி மாதம் மேளதாளத்தோடு வந்து நின்றது.

கீழத்தெரு முறை வந்தது. பச்சையம்மா தன் பெண் செல்வியைக் கொண்டுவந்தாள். பைக்குள் காலை விடச் சொன்னதும் செல்வி ஓவென்று கத்தினாள்.

"நான் காலையிலியே தொங்கனனே! மறுபடியும் ஏன் தொங்கணும்?"

பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் சரோஜா டீச்சரைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளையும் பேரோடு தெரிந்த டீச்சர் புங்கமரத்தைப் பார்த்தார்.

"யாரோட தொங்கினே கண்ணு?" என்று பேராசிரியை கேட்டார்.

"கன்னிம்மா அத்தைகூட. உருண்டை குடுத்துச்சி."

மேலத்தெருக் கன்னியம்மாவைக் கூப்பிட்டோம். அவள் பயப்படவே இல்லை.

"பின்ன இன்னாம்மா? உருண்டை துன்னு எம் புள்ள நல்லா கொழுகொழுன்னு கீது. அத்த மரத்துல தொங்கவுட்டு, இத்தினி கிலோன்னு ஊரே கேக்கறாப்ல கத்தறீங்களே, கண்ணு பட்டா நீங்களா வந்து சுத்திப் போடுவீங்க? அதான் நாத்தனார் பொண்ண வாங்கிக்கினு வந்தேன். மத்தவங்களும் அப்பிடித்தான்."

மேலத்தெரு முழுக்கக் கொழுத்த பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்துவிட்டு, கீழத்தெருச் சொந்தக்காரப் பிள்ளைகளை இரவல் வாங்கி வந்திருந்தது. நான் நம்பரை மட்டும் பார்த்துப் பாசமில்லாமல் எடை போட்டிருந்தேன்.

"உம் பொண்ணுக்கு மட்டும் கண்ணு படாதா?" என்று பச்சையம்மாவிடம் பேராசிரியை கேட்டார்.

"எம் பொண்ணுக்குத்தான் உருண்டையே குடுக்கக் கூடாதுன்ட்டீங்களே. அப்பறம் யாரு கண்ணும்மா படும்?"

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பேராசிரியை மிச்சமிருந்த உருண்டை டின்னைத் திறந்து முதல் உருண்டையைச் செல்வி கையில் வைத்தார். அதோடு என் ஒப்பீடு ஒழிந்தது. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு தெருவுக்கும் உருண்டை என்று ஆனது.

நான் ஆய்வை முதலிலிருந்து, வேறு தலைப்பில் தொடங்க வேண்டியதாயிற்று. ஆடி போனது. ஆவணி வந்தது. அப்பா சொன்ன சொல் தவறாதவர். கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் பட்டம் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, "உங்க ஆராய்ச்சி எதைப் பத்தி?" என்று மாப்பிள்ளை கேட்க, பதற்றத்தில் இந்தக் கதையை முழுக்க ஒப்பித்திருந்தேன். (அதைக் கேட்ட பிறகும் அந்த மனிதர் சம்மதித்தது எனக்கு இன்றுவரை புரியாத இன்னொரு புள்ளிவிவரம்.)

அடுத்த வருஷம் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். நர்ஸ் தராசில் போட்டு, வார்டுக்கே கேட்கும்படி எடையைச் சொன்னாள். நல்ல எடை. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. அதற்குள் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "புள்ள எத்தினி கிலோம்மா? சரியா காதுல வுழல" என்றாள்.

எம்.எஸ்ஸி. ஊட்டச்சத்துப் பட்டதாரியான நான், துணியை இழுத்துக் குழந்தையின் காலை மூடிவிட்டு, வாய் கூசாமல் அரைக் கிலோ குறைத்துச் சொன்னேன்.

கால்மாட்டில் நின்ற என் கணவர் குனிந்து, என் காதோடு கேட்டார்: "இது மேலத்தெருவா, கீழத்தெருவா?"

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது எடை மெஷினில் ஏறச் சொன்னால், பேத்தி உள்பட எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "நான் காலையிலியே தொங்கனனே!"