வீடியோவில் நடுங்கிய கால்

"நூத்திப் பதினெட்டு," என்றாள் பிரபாவதி, எடை மெஷின் முன்னால் குனிந்தபடி.

மெஷின் மேல் நின்ற சதாசிவம் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். உடம்பு இளைக்க வயிற்றைக் குறுக்கி ஆபரேஷன் செய்து நான்கு மாதமாகிறது. நூற்று இருபத்து நான்கில் தொடங்கி, ஒரு இட்லியை அரை மணி நேரம் தின்று, குறைந்தது ஆறே கிலோ.

"நல்லாப் பாத்தியா?"

"முள்ளு அங்கதான் நிக்குது. நடையக் கூட்டுங்க."

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் மீட்டர்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது சதாசிவத்தின் வேலை. அவர் கையெழுத்து இல்லாத முள்ளை அங்கே யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வீட்டு மெஷினின் முள்ளை மட்டும் அவர் கண்டதில்லை. நடுவில் தொப்பை இருந்ததால், கல்யாணமான புதிதிலிருந்தே அது பிரபாவதியின் இலாகா. முன்பெல்லாம் ஒரு கிலோ குறைந்தது என்று அவள் சொன்னால் போதும், மாமல்லபுரம் போய் வறுத்த மீனோடு கொண்டாடிவிட்டு இரண்டு கிலோ கூடித் திரும்புவார்.

இப்போது பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. அதற்குத் தையல்காரரைத் திட்டினார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டபோது தோல் இழுத்துக்கொண்டது என்றார். மீட்டர் சொல்லாததை அவர் எப்படி நம்புவார்?

மாதாமாதம் செக்கப் வீடியோவில்தான். ஊரப்பாக்கம் ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் சங்கரி எடை கேட்பார், அணுபுரத்து வீட்டிலிருந்து இவர் சொல்வார். ஆபரேஷன் வீண் என்று அந்தப் பெண் சொல்லிக் கேட்கும் தைரியம் சதாசிவத்துக்கு இல்லை. முதல் மாதம் கொஞ்சம் குறைத்துச் சொன்னார். பாராட்டு கிடைத்தது. அது பிடித்துப்போய் ஒவ்வொரு மாதமும் இன்னும் குறைத்தார். இந்த மாதம் தொண்ணூற்றெட்டு என்றார்.

"சூப்பர் சார். மெஷின்ல ஏறி, முள்ள மட்டும் கேமராவுல காட்டுங்க."

நெட் சரியில்லை என்று போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சீனுவை அழைத்து வந்தார். நல்லவேளையாகப் பிரபாவதி கடைக்குப் போயிருந்தாள். சீனு எழுபத்திரண்டு கிலோ. தலையில் இருபத்தாறு கிலோ அரிசி மூட்டையை ஏற்றினால் கணக்கு நேராகிவிடும்.

"சீக்கிரம் முடி அண்ணாத்த. கழுத்து ஒடிஞ்சிரும் போல கீது."

சதாசிவம் நாற்காலியில் உட்கார்ந்து, சங்கரியை மறுபடி வீடியோவில் அழைத்து, போனைச் சீனுவின் பாதத்துக்கு நேராகப் பிடித்தார். முள் சொன்னபடி தொண்ணூற்றெட்டில் நின்றது. கால்தான் நிற்கவில்லை.

"சார், கால் ஏன் இப்படி நடுங்குது?"

"குளிருதும்மா," என்றார் சதாசிவம். அது மே மாதம்.

சங்கரியின் குரல் மாறிவிட்டது. இவ்வளவு வேகமாக இளைத்து, வெயிலில் குளிரும் எடுத்தால் சத்துக் குறைவாக இருக்கலாம், இனி வீடியோ சரிப்படாது, நாளைக் காலையே டாக்டரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஊரப்பாக்கத்தில் பிரபாவதியோடு காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் செங்கல்பட்டிலிருந்து வந்த பதருன்னிசா இருந்தார். இதே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு, பயந்துபோய்த் தள்ளிப்போடுகிறவர்.

"உண்மைய சொல்லுங்க சார். இதுனால பிரயோஜனம் கீதா?"

சதாசிவம் நழுவிய பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சங்கரியிடம் அளந்ததை இந்த அம்மாளிடம் அளக்க மனம் வரவில்லை. தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

பெயர் கூப்பிட்டார்கள். பெல்ட், வாட்ச், பர்ஸ், செருப்பு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார். சங்கரி எடையைப் பதிய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அடுத்து எடை பார்க்க வேண்டிய பதருன்னிசா பின்னால் வந்து நின்றார். சதாசிவம் மெஷினில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பிரபா, பாத்துச் சொல்லு."

பிரபாவதி வழக்கம்போலக் குனிந்தாள். வழக்கம்போலவே சொன்னாள்.

"நூத்திப் பதினெட்டு."

சங்கரி திடுக்கிட்டுத் திரும்பினார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று சதாசிவம் வாயெடுப்பதற்குள், பதருன்னிசா எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா நீ, முள்ளு தொண்ணூத்தேழுலதானே கீது?"

"கொறைஞ்சுதுன்னு சொன்னா மறுபடி மாமல்லபுரத்துக்கு மீன் தின்னக் கிளம்பிருவாரே," என்றாள் பிரபாவதி.

"கண்ணத் தொறந்து நீங்களே பாருங்க சார்," என்றார் பதருன்னிசா. "வயிறுதான் இப்ப மறைக்கலையே."