எடை குறையாத மக்னீசியம்

எத்தனையோ நாடுகள் மண்ணைத் தோண்டி முன்னேறியிருக்கின்றன. மண்ணில் புதைத்து முன்னேறிய பெருமை காட்டூருக்கு மட்டுமே உண்டு.

1962இல், திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் ரோட்டில், காட்டூர் வாய்க்கால் ஓரம், அரசு எரிவாயு நிலையம் ஒரு தொட்டியைப் புதைத்தது. புரொப்பேன் வாயு நிரப்பும் இரும்புத் தொட்டி. கப்பலில் வந்தது. படுத்த யானை அளவு இருக்கும். நாதஸ்வரம் வாசித்து, தேங்காய் உடைத்து, மாலை போட்டு, மண்ணைத் தள்ளினார்கள். ரோட்டில் போன ஒருவர் உள்ளே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

தொட்டியோடு அதன் நாட்டு இன்ஜினீயர் ஒருவரும் வந்திருந்தார். போகும் முன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மக்னீசியக் கட்டியைப் புதைத்து, இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தார். ஏன் என்பதை ஃபிட்டர் தாஜுதீனிடம் மட்டும் சொன்னார். மற்றவர்கள் அப்போது அவருக்கு நன்றி கூறும் கூட்டத்தில் இருந்தார்கள்.

ஸ்டோர் கீப்பர் ஸ்தனிஸ்லாஸுக்கு அந்தக் கட்டி உறுத்தியது. அது அவர் பேரில் லெட்ஜரில் ஏறியிருந்தது: மக்னீசியம், ஒன்று, முப்பத்திரண்டு பவுண்டு.

"அது எதுக்கு பாய்?" என்று தாஜுதீனைக் கேட்டார்.

"ஈரமண்ணு இரும்ப அரிக்கும்ணே. பக்கத்துல இதை இணைச்சு வச்சா, இரும்ப விட்டுட்டு இதைத் தின்னும். இது கரையும். தொட்டி பிழைச்சுக்கும்."

"தொட்டி மேலதான் தார் பூசியிருக்கே."

"தார்ல எங்கயாவது கீறல் விழும்ல. அங்கதான் இதுக்கு வேலை."

"கரைஞ்சு தீர்ந்துட்டா?"

"வேற கட்டி வைக்கணும். அதுக்கு யாரும் மாலை போட மாட்டாங்க."

ஸ்தனிஸ்லாஸ் முப்பது வருஷம் ஸ்டோரில் இருந்தவர். அவர் பொறுப்பில் ஒரு வாஷர் காணாமல் போனதில்லை. சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மை விழுந்ததில்லை. விழுந்தால் பென்ஷன் ஃபைல் நகராது என்பது ஒரு காரணம். அந்தப் புத்தகத்தைக் கடைசி நாளில் பாலக்கரை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ரோசம்மாளிடம் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. அதன் முதல் பக்கத்தில், வேலையில் சேர்ந்த அன்று டாக்டர் எழுதியது இருந்தது: எடை நூற்று நாற்பத்தோரு பவுண்டு.

"நான் கட்டிக்கிட்ட அந்த ஆளு எங்க போனாரு? வருஷா வருஷம் பேண்ட்டைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைக்கிறேன்," என்பாள் ரோசம்மாள்.

1964இல் தணிக்கைக்குப் பெரியண்ணன் வந்தார். வையம்பட்டிக்காரர். நேர்மையானவர். லெட்ஜரில் உள்ளதைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். முதல் நாளே சுவரில் அடித்த ஆணிகளை எண்ணி முடித்திருந்தார்.

"மக்னீசியம் எங்கங்க?"

"புதைச்சிருக்கு சார்."

"அரசாங்கச் சொத்தை ஏன் புதைச்சீங்க?"

"அதோட வேலையே அதுதான் சார்."

"தோண்டுங்க. பாத்துருவோம்."

கூலியாள் காத்தான் தோண்டினான். கடப்பாரை தொட்டியின் மேல் ஒரு முறை உரசியது. ஒரு சாண் நீளத்துக்குத் தார் பெயர்ந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அது லெட்ஜரில் இல்லாததால் தாஜுதீனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

கட்டி வெளியே வந்தது. எலி கடித்த வெல்லம் மாதிரி இருந்தது. தராசில் வைத்தார்கள். ஒன்பதரை.

பெரியண்ணன் லெட்ஜரைப் பார்த்தார். "முப்பத்திரண்டு. இருப்பு ஒன்பதரை. இருபத்திரண்டரை குறையுது. மீதியை யார் எடுத்தது?"

"சார், அது பவுண்டு. இது கிலோ."

கணக்குப் போட்டார்கள். பதினாலரை கிலோ இருக்க வேண்டும். குறைவது ஐந்து. தேசம் மெட்ரிக் முறைக்கு மாறியதன் நற்பயனை ஸ்தனிஸ்லாஸ் அன்று நேரில் அனுபவித்தார். ஒரே நிமிஷத்தில் அவர் குற்றம் முக்கால் பங்கு குறைந்துவிட்டது.

"சரிங்க. அஞ்சு கிலோ. அதை யார் எடுத்தது?"

"மண்ணு எடுத்துச்சு சார்."

"மண்ணு கையெழுத்துப் போட்டு வாங்கிச்சா?"

விஷயம் நிலையத் தலைவர் சௌந்தரராஜனிடம் போனது. ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். நித்தியம் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் ஆபீஸ் வருவார். எந்த ஃபைலையும் மூன்று நாள் மேஜையில் ஊறப்போடாமல் தொட மாட்டார். இதையும் ஊறப்போட்டார். நாலாம் நாள் கூட்டம் கூட்டினார். தாஜுதீன் விஞ்ஞானத்தை விளக்கினார்.

"நீர் சொல்றது வாஸ்தவம்," என்றார் சௌந்தரராஜன். "ஆனா லெட்ஜர்ல விஞ்ஞானத்துக்குப் பத்தி இல்லையே."

"தேய்மானம்னு ஒரு பத்தி இருக்கே சார்," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"அது துடைப்பத்துக்கும் கயித்துக்கும்."

"சோப்பு கரையுது சார். சோப்புல சேத்துக்கலாமே."

"சோப்பை யாராவது புதைப்பாளா?"

பெரியண்ணன் பேனாவைத் திறந்தார். சிவப்பு மைப் பேனா. ஸ்தனிஸ்லாஸின் கண் அதன் முனையிலேயே இருந்தது.

அப்போதுதான் சௌந்தரராஜனுக்கு அந்த யோசனை உதித்தது. பின்னால் பல அறிக்கைகளில் அது 'காட்டூர் முறை' என்று பாராட்டப்பட்டது.

"தொட்டி கரையாம இருக்க என்ன பண்ணியிருக்கோம்?"

"தார் பூசியிருக்கோம் சார்."

"அந்தத் தாரைக் கட்டிக்கும் பூசிடுங்கோ. ரெண்டும் கரையாது. சொத்து பத்திரமா இருக்கும்."

பெரியண்ணன் பேனாவை மூடினார். "இனிமே குறையாதுன்னா, இதுவரைக்கும் குறைஞ்சதை நான் மன்னிச்சு எழுதிடுறேன்," என்றார். அவர் யாரையும் கெடுக்க நினைக்கிறவர் அல்ல.

வெளியே தாஜுதீன் ஸ்தனிஸ்லாஸை மறித்தார். "அண்ணே, பூசாதீங்க. அது கரையலன்னா தொட்டி கரையும். கடப்பாரை பட்ட இடம் வேற தொறந்து கிடக்கு. ஸ்டோர்ல இருக்கிறது ஒரே பீப்பாய் தாரு. அதை அங்க பூசுவோம்."

"பீப்பாயைக் கட்டிக்குன்னு எழுதிட்டாங்க பாய்."

"நீங்க மாட்டேன்னு எழுதுங்க."

"எழுதலாம். பெரியண்ணன் பேனாவைத் திறந்துருவாரு."

"தொட்டி ஓட்டையானா?"

"மூணு வருஷம் தாங்குமா?"

"தெரியாதுண்ணே."

"மூணு வருஷம் தாங்கினா போதும். நான் போயிருவேன்."

சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாக இருந்தது. தாஜுதீன் பீடி பற்றவைக்கக் கேட்டுக்கு வெளியே போனார். ஸ்தனிஸ்லாஸ் தாமே பிரஷ் எடுத்தார். மூன்று பூச்சு பூசினார். சந்து பொந்து விடவில்லை. மாதா சுரூபத்துக்கு வர்ணம் பூசுகிறவர் அவ்வளவு பக்தியாகப் பூச மாட்டார்.

கட்டி மறுபடி புதைந்தது. 1965இல் தோண்டினார்கள். 66இல் தோண்டினார்கள். எடை குறையவே இல்லை. மாறாக, தாரையும் சேர்த்து முந்நூறு கிராம் கூடியிருந்தது. அரசுச் சொத்து மண்ணுக்கடியில் வளர்ந்த செய்தி சென்னைக்குப் போனது. சென்னை மகிழ்ந்தது.

1967 டிசம்பரில் ஸ்தனிஸ்லாஸுக்கு ஓய்வு. பிரிவு உபசாரத்துக்கு நாலு நாள் முன்னால் சௌந்தரராஜன் காரிலிருந்து இறங்கி மூக்கைச் சுளித்தார். வெங்காயத்தைத் தொடாத குடும்பம். அந்த மூக்குக்கு முதலில் தெரிந்ததில் வியப்பில்லை.

"யாரு இங்கே அழுகின வெங்காயம் போட்டிருக்கா?"

கேண்டீன் சகாயம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"வெங்காயமா? விக்கிற விலைக்கு நான் சாம்பார்ல போடுறதே அளந்துதானுங்க. அழுக விடுவேனா?"

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. நிலைய வளாகத்தில் வெங்காயம் மறு உத்தரவு வரும்வரை தடை. சகாயம்மாள் கையெழுத்துக்குப் பதிலாகக் கைரேகை வைத்துவிட்டு, மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். தாஜுதீன் அந்த வாரம் லீவு. வாயுவுக்கென்று சொந்த வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று வெங்காய நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்பதை அவர் ஸ்தனிஸ்லாஸிடம் மட்டும் எப்போதோ சொல்லியிருந்தார்.

பிரிவு உபசாரம் தொட்டிக்கு மேலேயே நடந்தது. புல் வளர்ந்த ஒரே இடம் அது. பந்தல், நாற்காலி, குத்துவிளக்கு. மேஜைமேல், ரோஜா மாலையோடு, விழாவுக்கென்று தோண்டியெடுத்த மக்னீசியக் கட்டி. கறுப்பாக, வழவழவென்று, கோயில் மூர்த்தி மாதிரி இருந்தது.

சௌந்தரராஜன் பாராட்டுப் பத்திரம் வாசித்தார். "ஸ்தனிஸ்லாஸ் அவர்கள், கரையும் தன்மையுள்ள மக்னீசியக் கட்டிக்குத் தம் கையாலேயே தார் பூசி, அது ஓர் அவுன்ஸும் கரையாமல் மூன்றாண்டுகள் தடுத்தவர் ஆவார்."

கை தட்டினார்கள். தட்டுகளில் மெதுவடை வந்தது. ஸ்தனிஸ்லாஸ் ஒன்றைப் பிட்டார். வெங்காயம் இல்லை. சுற்றறிக்கையை மதித்த வடை. ஆனால் வெங்காய வாடை அடித்தது. காலடியிலிருந்து.

அவர் பிட்ட வடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வளாகத்தில் வெங்காயம் கிடையாது. கையெழுத்தான உத்தரவு. அப்படியானால் இது வெங்காயம் இல்லை.

லீவு முடிந்து அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்த தாஜுதீன் நின்ற இடத்திலேயே நின்று மோந்து பார்ப்பது தெரிந்தது.

சௌந்தரராஜன் குத்துவிளக்கின் முன் போய் நின்றார். தீப்பெட்டியை எடுத்தார். குச்சியைப் பெட்டியில் உரசப் போனார்.

முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரி முன் உட்காராத ஸ்தனிஸ்லாஸ் ஒரே எட்டில் மேஜையைத் தாண்டினார். தீப்பெட்டியைப் பிடுங்கினார். குத்துவிளக்கைக் கவிழ்த்து எண்ணெயைக் கொட்டினார்.

"சார், எல்லாரையும் ரோட்டுக்குக் கூட்டிப் போங்க. யாரும் பீடி பத்த வைக்காதீங்க. பாய், வால்வு."

தாஜுதீன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள், வாயுவை வெளியேற்றிவிட்டுத் தோண்டினார்கள். கடப்பாரை பட்ட அதே ஒரு சாண் இடத்தில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பக்கத்தில் கம்பி மட்டும் இருந்தது. மக்னீசியக் கட்டி விழா மேஜையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் மாறி, அலுவலக வாசலில் இருந்தது.

விசாரணை நடந்தது. விரைவாக நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை பாலக்கரை வீட்டுக்கே வந்தது. ரோசம்மாள் வாங்கிக் கொடுத்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் பக்கங்களை எண்ணினார். இரண்டு. அப்புறம் படித்தார். "ஸ்தனிஸ்லாஸ் அவர்கள், கரையும் தன்மையுள்ள மக்னீசியக் கட்டிக்குத் தம் கையாலேயே தார் பூசி, அது ஓர் அவுன்ஸும் கரையாமல் மூன்றாண்டுகள் தடுத்தவர் ஆவார்." டைப்பிஸ்ட் தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார். இரண்டாம் பக்கத்தில், மங்கல விளக்கைக் கவிழ்த்தது தனிக் குற்றமாக இருந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அதுவரை பென்ஷன் உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது. கீழே சிவப்பு மை.

"என்னங்க எழுதியிருக்காங்க?" என்றாள் ரோசம்மாள்.

"பாராட்டியிருக்காங்க."

"அப்புறம் ஏன் சட்டையை மாட்டுறீங்க?"

"எடை போட்டுட்டு வரேன்."

காட்டூருக்கு பஸ் ஏறினார். ஸ்டோருக்குள் போய், கட்டியை நிறுத்த அதே தராசில் ஏறி நின்றார். தாஜுதீன் முள்ளைப் பார்த்துச் சொன்னார். அங்கேயே நின்றபடி விளக்கம் எழுதினார் ஸ்தனிஸ்லாஸ். தார் பூசியது தாம்தான் என்றும், அதற்குத் தலைகுனிவதாகவும் ஒரு வரி. அதற்குக் கீழே:

'சர்வீஸ் புத்தகத்தின்படி, சேர்ந்த அன்று என் எடை அறுபத்துநான்கு கிலோ. இன்றைய இருப்பு நாற்பத்தொன்பது. பதினைந்து கிலோ குறைகிறது. மீதியை யார் எடுத்தது?'